குழுத் தேர்வுக் கணக்கில் விடை ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

“6 ஆண்கள், 4 பெண்களிலிருந்து 5 பேர் கொண்ட குழு” என்று தொடங்கும் கணக்குகளைப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆண்டாண்டாகத் திருத்திக்கொடுப்பவன் நான். சூத்திரம் தெரியாமல் தவறுகிறவர்கள் மிகக் குறைவு. ஒரே குழுவை இரண்டு மூன்று தடவை எண்ணிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு வகைக் குழுவை எண்ணாமலே விட்டுவிடுவார்கள். இரண்டில் எது நடந்தது என்பதைத் தவறாக வந்த அந்த எண்ணே சொல்லிவிடும். அதனால் தவறான விடையை அழித்துவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் பிழையைத் தேட வேண்டும்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை: சி(10, 4) என்றால் 10 பேரில் 4 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள், அதாவது 210.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

நிபந்தனை எதுவும் இல்லாவிட்டால் மொத்தம் எத்தனை குழுக்கள் என்று கண்டுபிடித்து, தாளின் ஓரத்தில் எழுதுங்கள். பதவியோ அணிப் பிரிப்போ இல்லாத கணக்கில் உங்கள் விடை அதைத் தாண்டவே கூடாது.

அடுத்து, நிபந்தனைக்குப் பொருந்தும் ஒரு முழுக் குழுவைப் பெயர் போட்டு எழுதுங்கள். உங்கள் முறைப்படி போனால் அந்தக் குழு எத்தனை வழிகளில் கிடைக்கிறது? ஒரே வழி என்றால் நல்லது. இரண்டு வழி என்றால் கூடுதலாக எண்ணியிருக்கிறீர்கள். கிடைக்கவே இல்லை என்றால் விடுபட்டிருக்கிறது. கீழே வரும் எல்லாவற்றிலும் இந்தக் கேள்விதான் வேலை செய்கிறது.

அறிகுறி 1: சரியான விடையைப்போல் முழு மடங்கு அதிகமாக வருகிறது

உங்கள் விடையைப் புத்தக விடையால் வகுத்துப் பாருங்கள்.

வகுத்தால் 2, 6, 24, 120, 720 போன்ற ஃபேக்டோரியல் எண் (1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது) வருகிறதா? வரிசையைச் சேர்த்து எண்ணிவிட்டீர்கள். 12 பேர் உள்ள கபடி அணியில் களமிறங்கும் 7 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 12 × 11 × 10 × 9 × 8 × 7 × 6 என்று பெருக்கினால் 39,91,680 வரும். சரியான விடை சி(12, 7) = 792. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 5040, அதாவது 7 ஃபேக்டோரியல். அதே 7 பேரை எந்த வரிசையில் அழைத்தாலும் களத்தில் நிற்பது அதே அணிதான்.

ஃபேக்டோரியல் இல்லாமல் 3, 4, 10 போல வேறு முழு எண் வருகிறதா? ஒரே கூட்டத்திலிருந்து இரண்டு தவணையாக எடுத்திருப்பீர்கள். 7 பெண்களில் 3 பேர் வேண்டும் என்பதற்கு “முதலில் 2 பேர், பிறகு மீதி 5 பேரில் ஒருவர்” என்று போனால் 21 × 5 = 105. சரியான விடை 35. கயல், மலர், செல்வி என்ற மூவரை எழுதிப் பாருங்கள். மூவரில் யார் வேண்டுமானாலும் அந்த “பிறகு வந்த ஒருவர்” ஆக இருந்திருக்கலாம், ஆகவே மூன்று வழி. ஒரே கூட்டத்திலிருந்து எடுப்பதை ஒரே சி(...)க்குள் முடித்துவிட்டால் இந்தப் பிழை வராது.

தலைகீழாக, உங்கள் விடை 2 அல்லது 6 மடங்கு குறைவாக இருந்தால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் எங்காவது ஒளிந்திருக்கும். பதவி வந்துவிட்டால் வரிசையும் வந்துவிடும்.

அறிகுறி 2: விடை அதிகம், ஆனால் எந்த மடங்காகவும் இல்லை

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சிக்கும் இடம் இது. “குறைந்தது” என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

6 ஆண்கள், 4 பெண்கள், 5 பேர் கொண்ட குழு, குறைந்தது 2 பெண்கள். “பெண்கள் 2 பேரை எடுத்து இடத்தை உறுதிசெய்துவிடுவோம், மீதி 8 பேரில் யார் வேண்டுமானாலும் 3 பேர் வரட்டும்” என்று எழுதுவார்கள். சி(4, 2) × சி(8, 3) = 6 × 56 = 336. கேட்க மிக நியாயமாக இருக்கும். ஆனால் ஓரத்தில் எழுதிய மொத்தம் சி(10, 5) = 252. நிபந்தனையோடு எடுத்த குழுக்கள் நிபந்தனையில்லாத குழுக்களைவிட அதிகமாக இருக்க வழியே இல்லை.

எங்கே பெருகியது என்று கிட்டத்தில் பார்ப்போம். கயல், மலர், செல்வி, முருகன், பாண்டி என்று ஒரு குழு. இதில் 3 பெண்கள். “முதலில் உறுதிசெய்த 2 பேர்” கயலும் மலருமாக இருக்கலாம், கயலும் செல்வியுமாக இருக்கலாம், மலரும் செல்வியுமாக இருக்கலாம். மூன்றிலும் கடைசியில் கிடைப்பது இதே ஐவர். ஆக 3 பெண்கள் உள்ள ஒவ்வொரு குழுவும் 3 தடவை எண்ணப்பட்டிருக்கிறது. 4 பெண்கள் உள்ள குழு 6 தடவை. 2 பெண்கள் மட்டும் உள்ள குழுதான் ஒரு தடவை எண்ணப்பட்டது. இதனால்தான் தவறு ஒரே மடங்காக இல்லை.

சரியாகச் செய்வது இப்படி:
சரியாக 2 பெண்கள்: 6 × சி(6, 3) = 6 × 20 = 120
சரியாக 3 பெண்கள்: 4 × சி(6, 2) = 4 × 15 = 60
4 பெண்களும்: 1 × 6 = 6
கூட்டினால் 186.

இப்போது தவறான விடையையும் இதிலிருந்தே எடுத்துவிடலாம்: 120 + 60 × 3 + 6 × 6 = 336. பிழை முழுவதும் கணக்குக்கு வந்துவிட்டது. இப்படித் தவறான எண்ணையும் விளக்க முடிந்தால்தான் திருத்தம் முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்வேன். “சார், புத்தக விடை வந்துடுச்சு” என்பது போதாது.

கழித்தும் செய்யலாம். பெண்களே இல்லாதவை 6, ஒரே பெண் உள்ளவை 4 × 15 = 60. 252 − 66 = 186. எந்தப் பக்கம் வகைகள் குறைவோ அந்தப் பக்கம் போங்கள். “குறைந்தது ஒருவர்” என்றால் யோசிக்கவே வேண்டாம், கழிப்பதுதான் சுருக்கு வழி.

முதல் சோதனை ஒன்றையே நம்பிவிடாதீர்கள். 15 கிரிக்கெட் வீரர்கள்: 2 விக்கெட் கீப்பர், 5 பந்துவீச்சாளர், 8 மட்டையாளர். சரியாக ஒரு கீப்பரும் குறைந்தது 4 பந்துவீச்சாளர்களும் உள்ள 11 பேர் அணி வேண்டும். “கீப்பர் 2 வழி, பந்துவீச்சாளர் 4 பேர் 5 வழி, மீதி 9 பேரில் 6 பேர் 84 வழி” என்றால் 840. மொத்தம் சி(15, 11) = 1365. 840 அதைத் தாண்டவில்லை, ஆகவே பார்வைக்கு ஒழுங்காகவே தெரியும். இரண்டாவது சோதனைதான் பிடித்துக்கொடுக்கும்: 5 பந்துவீச்சாளரும் உள்ள அணி ஒவ்வொன்றும் 5 தடவை எண்ணப்பட்டிருக்கிறது. சரியான விடை 2 × (5 × 28 + 1 × 56) = 392.

அறிகுறி 3: விடை குறைவாக வருகிறது

உங்கள் விடைக்கும் புத்தக விடைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். விடுபட்ட வகையின் எண்ணிக்கையே பெரும்பாலும் அந்த வித்தியாசமாக இருக்கும்.

5 ஆண்கள், 4 பெண்கள், 4 பேர் குழு, அதிகபட்சம் 2 பெண்கள். ஒரு பெண் உள்ளவை 4 × 10 = 40, இரண்டு பெண்கள் உள்ளவை 6 × 10 = 60, ஆக 100 என்று எழுதிவிடுவார்கள். விடை 105. வித்தியாசம் 5. சி(5, 4) = 5 என்பது கண்ணில் பட்டதும் தெரிந்துவிடும்: பெண்களே இல்லாத குழு விட்டுப்போயிற்று. “அதிகபட்சம்” என்றால் 0-விலிருந்து தொடங்க வேண்டும்.

“குறைந்தது 3” என்பதைச் “சரியாக 3” என்று படித்துவிடுவதும் இதே வகைதான். கேள்வியில் அந்தச் சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டால் போதும்.

அதிகமாகக் கழித்துவிட்டதாலும் விடை குறையும். இது கொஞ்சம் ஆழமான பிழை. மூன்று வகுப்புகள், வகுப்புக்கு 4 பேர், எல்லா வகுப்பிலிருந்தும் ஒருவராவது வரும்படி 4 பேர் குழு. மொத்தம் சி(12, 4) = 495. ஒரு வகுப்பு விடுபட்டவை சி(8, 4) = 70, மூன்று வகுப்புக்கும் 210. கழித்தால் 285. ஆனால் நால்வரும் ஒரே வகுப்பிலிருந்து வந்த குழுவில் இரண்டு வகுப்புகள் விடுபட்டிருக்கின்றன, ஆகவே அது இரண்டு தடவை கழிக்கப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட குழுக்கள் 3. அவற்றை ஒரு தடவை திரும்பக் கூட்ட வேண்டும்: 288. நேராக எண்ணியும் சரிபார்க்கலாம். ஒரு வகுப்பிலிருந்து இருவர், மற்ற இரண்டிலிருந்து ஒவ்வொருவர்: 3 × 6 × 4 × 4 = 288.

எத்தனை பேர் என்று சொல்லாமல் “6 நண்பர்களில் ஒருவரையோ பலரையோ விருந்துக்கு அழைக்கலாம்” என்று வந்தால், ஒவ்வொருவருக்கும் “அழை, அழைக்காதே” என்று இரண்டு வாய்ப்பு. 64-லிருந்து யாரையும் அழைக்காத ஒன்றைக் கழித்தால் 63. அறுசுவைகளைத் தனியாகவும் கூட்டாகவும் சேர்த்தால் 63 விதம் என்று ஆயுர்வேதத்தில் பழங்காலத்திலேயே எண்ணி வைத்திருக்கிறார்கள். அதே கணக்குதான் இது. 6 + 15 + 20 + 15 + 6 + 1 என்று கூட்டிப்பார்த்தாலும் வரும்.

அறிகுறி 4: “அவர் இருந்தால் நான் வரமாட்டேன்” கணக்கு ஒத்துவரவில்லை

10 பேரில் 4 பேர் குழு. குறிப்பிட்ட இருவர் அ, ஆ. எதையும் யோசிப்பதற்கு முன்னால் இந்த மூன்று எண்களையும் எழுதிவிடுங்கள்:
இருவரும் உள்ளே: சி(8, 2) = 28
இருவரும் வெளியே: சி(8, 4) = 70
ஒருவர் மட்டும் உள்ளே: 2 × சி(8, 3) = 112
மூன்றும் சேர்ந்தால் 210. கூட்டுத்தொகை மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் மேலே போகாதீர்கள்.

இனிக் கேள்வியின் வாசகத்தைப் பொருத்துவதுதான் வேலை. “இருவரும் சேர்ந்து இருக்கக்கூடாது” என்றால் 70 + 112 = 182. 70 என்று எழுதியிருந்தால், ஒருவர் மட்டும் வருவதைத் தடை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். சேர்ந்து வரக்கூடாது என்றுதானே சொன்னார்கள், தனியாக வரலாமே. “வந்தால் இருவரும், இல்லாவிட்டால் இருவருமே இல்லை” என்றால் 28 + 70 = 98. “இருவரில் ஒருவராவது” என்றால் 28 + 112 = 140.

“அ வந்தால் ஆ-வும் வர வேண்டும்” என்பது இன்னொரு வகை. இதில் அ இல்லாமல் ஆ மட்டும் வரத் தடையில்லை. அ மட்டும் வருவதுதான் கூடாது. ஆகவே 210 − 56 = 154. இதை 98 என்று எழுதுகிறவர்கள் நிபந்தனையை இரண்டு பக்கமும் ஓடவிட்டிருக்கிறார்கள்.

பிணக்கு மூன்று பேருக்குள் என்றால்? அ-வும் ஆ-வும் சேரமாட்டார்கள், ஆ-வும் இ-யும் சேரமாட்டார்கள். இரண்டு சண்டையிலும் இருக்கிற ஆ-வைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆ உள்ளே என்றால் அ, இ இருவரும் வெளியே: சி(7, 3) = 35. ஆ வெளியே என்றால் மற்றவர்களுக்குள் சண்டையே இல்லை: சி(9, 4) = 126. கூட்டினால் 161. 210-லிருந்து 28-ஐ இரண்டு தடவை கழித்து 154 என்று நிறுத்திவிட்டால், மூவரும் இருக்கும் 7 குழுக்கள் இரண்டு தடவை கழிந்துவிட்டன என்று பொருள்.

அறிகுறி 5: அணிகளாகப் பிரிக்கும்போது விடை 2 அல்லது 6 மடங்கு தவறுகிறது

அணிகளுக்குப் பெயரோ வேலையோ இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஒன்றுதான் இங்கே சோதனை.

12 பேரை நான்கு நான்கு பேராக மூன்றாகப் பிரித்து, ஒரு அணி மேடைக்கு, ஒரு அணி சமையலுக்கு, ஒரு அணி வாசலுக்கு என்றால் சி(12, 4) × சி(8, 4) × சி(4, 4) = 495 × 70 × 1 = 34,650. வேலை எதுவும் சொல்லாமல் வெறுமனே மூன்று அணி என்றால் 6-ஆல் வகுத்து 5,775.

எப்போதும் அணிகளின் எண்ணிக்கையின் ஃபேக்டோரியலால் வகுப்பது அடுத்த தவறு. 9 பேரை 2, 3, 4 என்று பிரித்தால் 1,260. வகுக்கவே வேண்டாம், அளவே அணிகளை வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது. 8 பேரை 2, 2, 4 என்று பிரித்தால் 420. அளவில் ஒன்றாக இருக்கும் இரண்டு அணிகளுக்காக மட்டும் 2-ஆல் வகுத்து 210.

அறிகுறி 6: குழுவும் பதவியும் சேர்ந்து வந்தால் குழப்பம்

10 பேரில் 4 பேர் குழு, அதில் ஒருவர் தலைவர். குழுவை எடுத்துப் பிறகு தலைவரை எடுத்தால் 210 × 4 = 840. தலைவரை முதலில் எடுத்து மீதி மூவரைச் சேர்த்தால் 10 × சி(9, 3) = 10 × 84 = 840. இரண்டும் ஒத்துவந்தால் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

அறிகுறி 7: “அடுத்தடுத்து இருப்பவர்கள் வேண்டாம்”

வரிசையாக உட்கார்ந்திருக்கும் 10 பேரில் 3 பேர், எந்த இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடாது. கழித்துக்கொண்டே போனால் சிக்கல் கூடும். தேர்ந்தெடுக்கப்படாத 7 பேரை மட்டும் நிறுத்துங்கள். அவர்களுக்கு இடையிலும் இரு ஓரத்திலுமாக 8 இடைவெளி. அதில் 3 இடைவெளியை எடுத்தால் சி(8, 3) = 56.

வட்ட மேசை என்றால் 56 வராது. வரிசையின் முதல் ஆளும் கடைசி ஆளும் வட்டத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள். அவர்கள் இருவரும் இருக்கும் குழுக்களில் மூன்றாமவர் 3 முதல் 8 வரையுள்ள இடங்களில்தான் இருக்க முடியும்: 6 குழுக்கள். ஆகவே 50.

அறிகுறி 8: முறை சரி, எண் தவறு

சி(20, 17) என்று வந்தால் அதைச் சி(20, 3) ஆக்கிவிடுங்கள், 1140. விடப்படும் மூவரை எடுப்பதும் அதே வேலைதான். பெருக்கிவிட்டு வகுக்காதீர்கள், அடித்துச் சுருக்கிவிட்டுப் பெருக்குங்கள். இடையில் பின்னம் மிஞ்சினால் எங்கோ தவறு. ஆட்களை எண்ணும் விடை பின்னமாக வரவே வராது.

சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் 69 ஃபேக்டோரியல் வரைதான் போகும், 70 போட்டால் எரர். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு: 32 பிட் முழு எண்ணில் 12 ஃபேக்டோரியலும் 64 பிட்டில் 20 ஃபேக்டோரியலும்தான் கடைசி. அதற்கு மேல் எரர் காட்டாமலே தவறான எண் வரக்கூடும்.

நிகழ்தகவு 1-ஐத் தாண்டினால் பின்னத்தின் மேலே ஒரு விதமாகவும் கீழே வேறு விதமாகவும் எண்ணியிருப்பீர்கள். கீழே சேர்வு (வரிசை பார்க்காத தேர்வு) என்றால் மேலேயும் சேர்வுதான்.

எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

முதலில் எண்களைச் சிறிதாக்குங்கள். 10 பேருக்குப் பதில் 5 பேர், குழுவில் 4-க்குப் பதில் 2 பேர், எல்லாக் குழுக்களையும் கையால் எழுதுங்கள். பத்துதான் வரும். உங்கள் முறையும் கைப்பட்டியலும் அங்கேயே மோதினால் பிழை உங்கள் முறையில்தான். இரண்டும் ஒத்துவந்து, பெரிய எண்ணுக்கு வேறுபட்ட இரண்டு வழிகளும் ஒரே விடை தந்து, புத்தக விடை மட்டும் வேறாக இருந்தால் அச்சுப் பிழையாக இருக்கலாம். அதைத் துணிந்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்த பிள்ளைகள் அதிலுள்ள காம்பினேஷன்ஸ் வசதியை வைத்து அறிகுறி 2-இல் வந்த 252 குழுக்களையும் பட்டியலிட்டு நிபந்தனையைச் சோதிக்கலாம். வீட்டில் சரிபார்க்க இது நல்ல வழி. விடை தெரிந்த பிறகு காரணத்தைத் தாளில் எழுத முடிய வேண்டும்.

சில கணக்குகளில் தனியாக மல்லுக்கட்டவே வேண்டாம். பிணக்குகள் மூன்று நான்கு பேரைத் தாண்டி வலைபோல ஓடினால் வகைகள் பெருகிக்கொண்டே போகும். பொதுவான சுருக்குச் சூத்திரம் கிடையாது. சுழற்றினால் ஒன்றாகும் அமைப்புகளை ஒன்றாகவே எண்ணச் சொன்னாலும் பள்ளிப் பாடம் போதாது. எந்த இருவரும் இரண்டாம் தடவை சேரக்கூடாது என்று பல நாள் அட்டவணை கேட்டால் அது சேர்வுக் கணக்கே இல்லை. 1850-இல் தாமஸ் கிர்க்மன் வெளியிட்ட கேள்வி அந்த வகை: 15 மாணவியர், 7 நாள், தினமும் மூவர் மூவராக ஐந்து வரிசை, எந்த இருவரும் ஒரே வரிசையில் மறுபடி வரக்கூடாது. மொத்த ஜோடிகள் சி(15, 2) = 105, ஒரு வரிசையில் 3 ஜோடி, ஆக 35 வரிசை; 7 நாளுக்கு 5 வீதம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் எண்ணிக்கை பொருந்துவதாலேயே அட்டவணை கிடைத்துவிடாது. அதைக் கட்டுவது தனிக் கலை.

ஆசிரியரிடம் போகும்போது கேள்வியை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டு போங்கள். கூடவே நிபந்தனையில்லாத மொத்தம், உங்கள் தவறான விடை, 5 பேருக்கான கைப்பட்டியல், இரண்டு தடவை எண்ணப்பட்டதாக நீங்கள் சந்தேகிக்கும் ஒரு குழுவின் பெயர்கள்.